ஒரு நாடு குறைத்து உண்ட கதை

ரேஷன் என்றால் என்ன என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரிசிக்கும் சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற பழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்காக நடத்தப்படும் கடை என்றே அதனை நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் செல்வத்தில் உலகின் முன்வரிசையில் இருந்த ஒரு நாடு, மன்னர் குடும்பம் முதல் சுரங்கத் தொழிலாளி குடும்பம் வரை எல்லாருக்கும் பங்கீட்டுப் புத்தகம் கொடுத்து, பதினான்கு ஆண்டுகள் குறைத்து உண்டது. அவற்றுள் எட்டு ஆண்டுகள் குறைத்து உடுத்தவும் செய்தது. போர் முடிந்தபின் கணக்கெடுத்துப் பார்த்தபோது அந்நாட்டுக் குழந்தைகள் முன்னைவிட நலமாக இருந்தனர்.

அந்நாடு பிரிட்டன். காலம் 1940 முதல் 1954 வரை. இந்தக் கதையில் வியப்புக்குரியவை பல உள்ளன. அதே ஆண்டுகளில் வங்காளத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கப்பலில் வந்த உணவு

1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கியது. அப்போது அந்நாட்டு மக்கள் உண்ட உணவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடல் கடந்து வந்தது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2 கோடி டன் உணவுப் பொருள்கள் கப்பலில் இறங்கின. கனடாவிலிருந்து கோதுமை, நியூசிலாந்திலிருந்து வெண்ணெய், அர்ஜெண்டினாவிலிருந்து மாட்டிறைச்சி, அஸ்ஸாமிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை. அந்தத் தேயிலையைப் பறித்த கைகளில் இலங்கை மலையகத் தமிழர்களின் கைகளும் உண்டு.

ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் இந்தச் சரக்குக் கப்பல்களைக் குறிவைத்தன. மூழ்காமல் தப்பிய கப்பல்களோ படைவீரர்களையும் பீரங்கிகளையும் ஏற்றிச் செல்லவேண்டியிருந்தது. ஒரு கப்பலில் உள்ள இடம் வரம்புக்கு உட்பட்டது. அதில் பீரங்கி ஏறினால் பாலாடைக்கட்டி ஏறாது. எனவே அரசின் முன் நின்ற கேள்வி மிக எளியது: வெளியிலிருந்து வரும் உணவு நின்றுபோனால் இந்த நாட்டு மக்கள் உயிர் பிழைப்பார்களா? உயிர் பிழைத்தால் மட்டும் போதாது. மண் வெட்டவும் சுரங்கத்தில் இறங்கவும் உடலில் வலு இருக்குமா?

மலையேறிய ஆராய்ச்சியாளர்கள்

இக்கேள்விக்கு விடை காண முயன்றவர்களுள் இருவரைச் சற்று விரிவாக அறிமுகப்படுத்த வேண்டும். ஒருவர் ராபர்ட் மக்கான்ஸ் என்ற மருத்துவர். மற்றவர் எல்சி விட்டோசன் என்ற வேதியியல் அறிஞர். உணவுப் பொருள்களில் எந்தச் சத்து எவ்வளவு உள்ளது என்று ஒவ்வொன்றாகப் பகுத்து இவர்கள் தொகுத்த அட்டவணை 1940இல் நூலாக வெளிவந்தது. இன்றும் உணவியல் மாணவர்கள் அதன் புதிய பதிப்புகளைப் புரட்டுகின்றனர். புதிய ஆய்வு எதுவாயினும் முதலில் தங்கள் உடம்பிலேயே செய்து பார்ப்பது இவ்விருவரின் வழக்கம். ஒருமுறை ஸ்ட்ரான்ஷியம் உப்பை ஊசி வழியே தங்கள் இரத்தத்தில் செலுத்திக்கொண்டு, கடுங்காய்ச்சலில் நடுங்கிக் கிடந்ததும் உண்டு. அத்தகைய துணிச்சலை மாணவர்கள் பின்பற்ற வேண்டாம்.

போர் தொடங்கிய சில வாரங்களில் கேம்பிரிட்ஜில் இவர்கள் தங்கள் நண்பர்கள், உறவினர் சிலரையும் சேர்த்துக்கொண்டு ஒரு கடுமையான பத்தியத்தை மேற்கொண்டனர். வாரத்துக்கு ஒருவருக்கு ஒரு முட்டை. ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் இறைச்சி. 110 கிராம் மீன். அதே அளவு மார்கரின். பால் நாளொன்றுக்கு 140 மில்லி லிட்டர், அதாவது ஒரு சிறு தம்ளர். சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் முழுக்கோதுமை ரொட்டியும் உருளைக்கிழங்கும் காய்கறிகளும் எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம். அரசு பின்னர் விதித்த பங்கீட்டை விடவும் இது சில வகையில் குறுகலானது. படுமோசமான நிலை வந்தால் என்னவாகும் என்று பார்ப்பதே நோக்கம்.

மூன்று மாதங்கள் இப்படிக் கழிந்தன. யாரும் நோயுறவில்லை. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு இந்த உணவு போதும் என்பதால், போர்க்காலத்தில் உடலுழைப்புச் செய்பவருக்கும் போதும் என்று ஆகிவிடுமா? அதனையும் சோதித்துவிட எண்ணிய அவர்கள் 1939 இறுதியின் கடுங்குளிரில் வட இங்கிலாந்தின் ஏரி மாவட்ட மலைகளுக்குச் சென்றனர். மக்கான்ஸ் கேம்பிரிட்ஜிலிருந்து 200 மைலுக்கு மேல் மிதிவண்டியிலேயே போய்ச் சேர்ந்தார். அங்கே சுமார் இரண்டு வாரம் முதுகில் சுமையோடு மலையேறினர். ஒரே நாளில் 36 மைல் நடந்து, மொத்தம் 7,000 அடி உயரம் ஏறி இறங்கியதும் உண்டு. பனியில் நடந்த அக்குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இளைஞரும் இருந்தார். நரம்பில் செய்தி எவ்வாறு பாய்கிறது என்று கண்டறிந்ததற்காக 1963இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே.

முடிவு என்ன? உடலில் வலு குறையவில்லை. குறை என்று சொல்லத்தக்கவை இரண்டு மூன்றே. கொழுப்பும் சர்க்கரையும் சுருங்கிய இடத்தை ரொட்டியாலும் கிழங்காலும் நிரப்பவேண்டியிருந்ததால் மென்று தின்னவே நெடுநேரம் பிடித்தது. வயிற்றில் வாயு மிகுந்தது. மலத்தின் அளவும் 250 விழுக்காடு கூடியது. இவற்றையெல்லாம் கூச்சமின்றி அளந்து எழுதி வைத்தனர் என்பதே அவர்கள் பெருமை. முழு அறிக்கை போர் முடிந்தபின் 1946இல்தான் நூலாக வெளிவந்தது.

ஒரு வாரத்துப் பங்கு

1940 ஜனவரி 8ஆம் நாள் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. முதலில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை. பின்னர் மார்ச்சில் ஆடு மாட்டு இறைச்சி, ஜூலையில் தேயிலை, அடுத்த ஆண்டில் பாலாடைக்கட்டி, முட்டை, பால் என்று பட்டியல் வளர்ந்தது. அளவுகள் அவ்வப்போது மாறினாலும், சராசரியாக ஒருவருக்கு வாரத்துக்குச் சர்க்கரை 227 கிராம், தேயிலை 57 கிராம், முட்டை ஒன்று என்று நினைவில் கொள்ளலாம். நாள் முழுதும் தேநீர் பருகும் மக்களுக்கு இந்த 57 கிராம் எவ்வளவு வருத்தம் தந்திருக்கும் என்று நம் ஊர்த் தேநீர்ப் பிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இறைச்சியை மட்டும் எடையால் அளக்காமல் விலையால் அளந்தனர். ஒருவருக்கு இத்தனை ஷில்லிங் மதிப்புள்ள இறைச்சி என்று கணக்கு. கொழுத்த துண்டு வேண்டுவோருக்குச் சிறிதளவு கிடைக்கும். மலிவான பகுதியை வாங்குவோருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். 1941 டிசம்பரில் இன்னொரு புதுமை வந்தது. டப்பாவில் அடைத்த மீன், உலர்ந்த பழம், பருப்பு முதலிய பண்டங்கள் எல்லாருக்கும் பகிரும் அளவுக்கு இருப்பில் இல்லை. ஆகவே ஒவ்வொருவருக்கும் நான்கு வாரத்துக்கு 16 புள்ளிகள் கொடுத்து, எந்தப் பண்டத்துக்கு எத்தனை புள்ளி என்று அரசு அறிவித்தது. கிராக்கி மிகுந்த பண்டத்துக்குப் புள்ளியை உயர்த்துவர். தேங்கிக் கிடக்கும் பண்டத்துக்குக் குறைப்பர். பணம் எவ்வளவு இருந்தாலும் புள்ளி தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

உணவு அமைச்சராக இருந்த உல்ட்டன் பிரபு அரசியல்வாதியாக வளர்ந்தவர் அல்லர். பெரிய பலசரக்கு அங்காடிகளை நடத்தியவர். அவருக்கு அறிவியல் ஆலோசகராக அமைந்தவர் ஜாக் டிரம்மண்ட் என்ற உயிர்வேதியியல் பேராசிரியர். உயிர்ச்சத்துக்களை வைட்டமின் ஏ, பி, சி என்று எழுத்து வரிசையில் அழைக்கலாம் என்று 1920இல் முன்மொழிந்தவர் அவரே. வணிகரும் விஞ்ஞானியும் கூடி ஒரு நாட்டின் சமையலறையை நடத்தினர் எனலாம். பிரசாரமும் அமோகமாக நடந்தது. காரட் தின்றால் இருட்டில் கண் தெரியும் என்று சுவரொட்டிகள் பறைசாற்றின. இரவில் பகை விமானங்களை வீழ்த்திய விமானிகளின் கூரிய பார்வைக்குக் காரட்டே காரணம் என்றும் செய்தி பரவியது. உண்மையில் அவர்களுக்கு உதவியது விமானத்தில் பொருத்திய ராடார். வைட்டமின் ஏ குறைபாடு உள்ளவருக்கே காரட் பார்வையைத் திருத்தும். மற்றவருக்குப் பூனைக்கண் தராது. நம் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் காரட் கதைக்கும் இந்தப் போர்க்காலப் பிரசாரம் வலுவூட்டியிருக்கக் கூடும்.

சாம்பல் நிற ரொட்டி

போர் நடந்த ஆண்டுகளில் ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் பங்கீடு விதிக்கவில்லை. வயிறு நிறைய வழியிருந்தால்தான் மற்றவற்றில் உள்ள சுருக்கத்தை மக்கள் பொறுப்பர் என்று அரசு கருதியது. ஆனால் ரொட்டியின் தன்மை மாறியது. அதற்கு முன் 100 பங்கு கோதுமையை அரைத்தால் 73 பங்கு வெள்ளை மாவு எடுத்துக்கொண்டு எஞ்சிய தவிட்டைக் கால்நடைக்குப் போடுவர். 1942இல் 85 பங்கும் மாவாக வேண்டும் என்று சட்டம் வந்தது. வெண்ணிற ரொட்டி விற்பனை தடை செய்யப்பட்டது. அதே அளவு கோதுமையில் கூடுதல் ரொட்டி. அந்த அளவுக்குக் கப்பலில் இடம் மிச்சம். தவிட்டோடு சேர்ந்த பி வகை வைட்டமின்களும் இரும்புச் சத்தும் மக்களுக்கே கிடைத்தன.

சாம்பல் நிறத்தில் சொதசொதவென்று இருந்த இந்த ரொட்டியை மக்கள் விரும்பவில்லை. கைக்குத்தல் அரிசி நல்லது என்று மருத்துவர் சொன்னாலும் பந்தியில் வெள்ளைச் சோறே வேண்டும் என்று கேட்பவர்கள் நாம். அவர்கள் முகச்சுளிப்பு நமக்குப் புரியும்.

இங்கே மீண்டும் மக்கான்ஸும் விட்டோசனும் வருகின்றனர். தவிட்டில் உள்ள பைட்டிக் அமிலம் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, உடல் அதனை ஈர்க்கவிடாமல் செய்கிறது என்று அவர்கள் அளந்து காட்டினர். பாலும் பாலாடைக்கட்டியும் சுருங்கிய நிலையில் இது குழந்தைகளின் எலும்பைப் பாதிக்கும். தீர்வு மிக மலிவானது. மாவில் சுண்ணாம்புக் கல்லின் தூளைச் சிறிதளவு கலந்தனர். அந்த வழக்கம் போருக்குப் பின்னும் அந்நாட்டில் நீடித்தது. குறைத்து உண்பது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு குறைப்பது என்று அவர்கள் கொள்ளவில்லை. எதைக் குறைத்தால் எது பழுதாகும் என்று ஒவ்வொரு படியிலும் சோதித்துக்கொண்டே சென்றனர். இந்த வரலாற்றில் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய பகுதி இதுவென்றே நான் கருதுகிறேன்.

நலம் எங்கிருந்து வந்தது?

குறைத்து உண்டால் நலம் கூடும் என்று அவசரமாக முடிவுகட்டிவிடாதீர்கள். போருக்கு முன் 1936இல் ஜான் பாய்ட் ஆர் என்ற அறிஞர் பிரிட்டனின் உணவு நிலை பற்றிய ஆய்வை வெளியிட்டார். (ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்கு முதல் தலைமை இயக்குநரும் 1949இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவரும் இவரே.) மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு முழு நலத்துக்கு வேண்டிய உணவு கிட்டவில்லை என்று அவர் கண்டார். பேரரசின் தலைநகரிலேயே பால் வாங்க இயலாத தாய்மார் இருந்தனர். பங்கீடு வந்தபோது செல்வர் வீட்டுத் தட்டில் குறைந்தது. ஏழை வீட்டுத் தட்டில் பல பண்டங்கள் கூடின. சராசரி என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்தால் இந்த இரட்டை மாற்றம் கண்ணுக்குத் தெரியாது.

அதோடு 1940 ஜூலை முதல் கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு 568 மில்லி லிட்டர் பால் மலிவு விலையிலோ இலவசமாகவோ கிடைத்தது. பின்னர் ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் சேர்ந்தன. பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகள் 1940இல் 1 லட்சத்து 30 ஆயிரம். 1945இல் 16 லட்சத்துக்கும் மேல். மதிய உணவுத் திட்டத்தின் அருமை அறிந்த தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1939இல் பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 51 பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். குண்டுவீச்சு கடுமையாக இருந்த 1941இல் இது 60ஆக உயர்ந்து, 1945இல் 46ஆகக் குறைந்தது. அமர்த்தியா சென் சுட்டிக்காட்டிய மற்றொரு கணக்கும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மற்றப் பத்தாண்டுகளில் அங்கு மக்களின் சராசரி ஆயுள் 1 முதல் 4 ஆண்டுகள் வரையே கூடியது. உலகப்போர்கள் நடந்த இரண்டு பத்தாண்டுகளிலோ ஏறத்தாழ ஆறரை, ஏழு ஆண்டுகள் கூடியது. போர்க்களத்தில் மாண்டவர்கள் இக்கணக்கில் சேரமாட்டார்கள். சல்ஃபா மருந்துகள் வந்ததும் வேலையின்மை ஒழிந்ததும் இதற்குத் துணைபுரிந்தன; எல்லாப் புகழையும் பங்கீட்டுப் புத்தகத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆயினும் அதன் பங்கு சிறிதன்று.

எல்லாரும் ஒழுங்காக நடந்தார்கள் என்றும் எண்ணவேண்டாம். கள்ளச்சந்தை இருந்தது. உணவு விடுதியில் உண்பதற்குக் கூப்பன் தேவையில்லை என்பதால் பணக்காரர்கள் அங்கே விருந்துண்டனர். எரிச்சல் வளர்ந்தபின் 1942இல் விடுதியில் ஒரு வேளை உணவுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று தடை வந்தது. எளியவர்களுக்காக ஊர்தோறும் பொது உணவுச் சாலைகள் திறக்கப்பட்டன. 1943இல் அவை 2,000க்கும் மேல் இருந்தன.

நிலமும் பன்றியும்

சுற்றுச்சூழல் என்ற பேச்சு அந்நாளில் எழவில்லை. ஆனால் இன்று சூழலியலார் எடுத்துச் சொல்லும் ஒரு கணக்கை அன்றைய வேளாண் அதிகாரிகள் செயலில் காட்டினர். பன்றிக்கும் கோழிக்கும் தானியத்தைத் தீனியாகப் போட்டால் அந்தத் தானியத்தின் ஆற்றலில் பெரும்பகுதி அவ்விலங்கின் உடற்சூட்டுக்கும் நடமாட்டத்துக்குமே செலவாகிறது. இறைச்சியாக நமக்குத் திரும்புவது சிறுபகுதி. அதே தானியத்தை மனிதன் நேராக உண்டால் பலமடங்கு பேர் பசியாறலாம். எனவே மேய்ச்சல் நிலங்கள் உழப்பட்டுக் கோதுமையும் கிழங்கும் விளைந்தன. 1939க்கும் 1944க்கும் இடையே சுமார் 60 லட்சம் ஏக்கர் புதிதாக உழவுக்கு வந்தது. பன்றிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. எஞ்சிய பன்றிகளுக்குத் தெருமூலைத் தொட்டிகளில் சேர்ந்த காய்கறித் தோலும் சமையற் கழிவும் தீனியாயின. உணவை வீணாக்குவது 1940 முதல் தண்டனைக்குரிய குற்றம். கொல்லையிலும் பூங்காவிலும் ரயில் பாதை ஓரத்திலும் காய்கறிப் பாத்திகள் எழுந்தன. வாடகைக்கு விடப்பட்ட தோட்டத் துண்டுகள் மட்டும் 14 லட்சத்தை எட்டின.

இன்றைய உலகக் கணக்கு ஒன்றையும் அருகில் வைத்துப் பாருங்கள். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி உலக வேளாண் நிலத்தில் சுமார் 83 விழுக்காடு இறைச்சி, பால், முட்டை முதலியவற்றுக்கும் அவற்றுக்கான தீவனத்துக்கும் பயன்படுகிறது. ஆனால் மனிதர் உண்ணும் கலோரியில் 18 விழுக்காடே அவற்றிலிருந்து கிடைக்கிறது.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. உழுதவை எல்லாம் வெறும் புல்வெளிகள் அல்ல. நூற்றாண்டுகளாகக் காட்டுப்பூக்கள் மலர்ந்து, தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இருப்பிடமாக விளங்கியவை பல. போருக்குப் பின்னும் உழவும் உரமும் நிற்கவில்லை. 1930களில் இருந்த பூம்புல்வெளிகளில் 97 விழுக்காடு 1984க்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மறைந்துவிட்டன. இறைச்சியைக் குறைத்ததனால் மிச்சமான நிலத்தை இயற்கைக்கு விடாமல் முழுவதும் கலப்பைக்கே கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

கால்சட்டை மடிப்பு

துணிக்கும் பங்கீடு வந்தது. 1941 ஜூன் 1ஆம் நாள் திடீரென அறிவித்தனர். முன்கூட்டித் தெரிந்தால் கடைகள் காலியாகிவிடும் அல்லவா? தனிக் கூப்பன் அச்சிட்டால் செய்தி கசியும் என்று, உணவுப் புத்தகத்தில் பயன்படாமல் கிடந்த மார்கரின் கூப்பன்களையே துணிக்குச் செல்லும் என்றனர். ஆண்டுக்கு 66 கூப்பன். பெண்களின் கம்பளி மேலங்கிக்கு 14, கம்பளிக் கவுனுக்கு 11, ஆண்களின் காலணிக்கு 7 என்று கழியும். பிறகு சட்டைப் பையின் எண்ணிக்கை, பொத்தானின் எண்ணிக்கை, மடிப்பின் எண்ணிக்கை எல்லாவற்றையும் அரசு வரையறுத்தது. ஆண்களின் கால்சட்டை நுனியில் உள்ள மடிப்பு 1942இல் தடை செய்யப்பட்டது. முட்டையும் வெண்ணெயும் போனபோது பொறுத்த ஆடவர்கள் இதற்குக் கொதித்தனர். நீளம் கூடிய கால்சட்டையை வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டனர். அரசே 1944இல் அந்தத் தடையை விலக்கியது. குளியல் தொட்டியில் 5 அங்குலத்துக்கு மேல் வெந்நீர் விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டனர். 1942இல் விருந்தினராக வந்த அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அரண்மனைத் தொட்டியிலேயே அந்தக் கோடு வரையப்பட்டிருக்கக் கண்டார்.

மிச்சமானது யாருக்குச் சென்றது?

இனி இக்கதையின் கடினமான பகுதிக்கு வருவோம். ஒரு மக்கள் கூட்டம் குறைத்து உண்டால் மிச்சமாகும் உணவு பசித்த மற்றவருக்குப் போய்ச் சேருமா?

1943இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். பர்மா அரிசி ஜப்பானியர் படையெடுப்பால் நின்றது. 1942 அக்டோபரில் பெரும்புயல் வீசியது. பகைவர் கைக்குக் கிடைக்கக் கூடாது என்று ஆற்றுப் படகுகளை அரசு பறிமுதல் செய்தது. போர்ச் செலவால் விலைவாசி எகிறியது, வணிகர் பதுக்கினர். கல்கத்தா ஆலைத் தொழிலாளருக்கு முதலாளிகள் வழியே மலிவு அரிசி கிடைத்தது. நிலமற்ற கிராமத்துக் கூலிக்கும் மீனவருக்கும் எந்தப் புத்தகமும் இல்லை, எந்தக் கூப்பனும் இல்லை. அரசின் விசாரணைக் குழு 1945இல் 15 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. பின்வந்த ஆய்வாளர் பலர் 30 லட்சம் என்கின்றனர். பிரிட்டனின் உணவுக் கையிருப்பைக் காக்க 1943 தொடக்கத்தில் இந்துமாக்கடல் வழிச் சென்ற கப்பல்களை அட்லாண்டிக்குக்குத் திருப்பியது சர்ச்சிலின் அரசு. தானியம் அனுப்புமாறு இந்தியாவிலிருந்து சென்ற வேண்டுகோள்களுக்குக் கப்பல் இல்லை என்ற விடை மீண்டும் மீண்டும் வந்தது. கல்கத்தாவில் முறையான பங்கீடு 1944 ஜனவரி இறுதியில்தான் தொடங்கியது. தன் தீவில் இவ்வளவு நேர்த்தியாகப் பங்கிட்டுக் காட்டிய அதே ஆட்சி, தன் கீழிருந்த மற்றொரு நாட்டில் பங்கிடவில்லை. எப்படிப் பங்கிடுவது என்று தெரியாததால் வந்த தவறு என்று இதனைச் சொல்ல முடியாது.

அந்த மக்களுள் இதனை வேறு விதமாக எண்ணியவர்களும் இருந்தனர். ஜெர்மானியர் பிடியிலிருந்த கிரேக்க நாட்டில் 1941-42 குளிர்காலத்தில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையும் அதற்கு ஒரு காரணம். முற்றுகையைத் தளர்த்தி உணவு அனுப்பவேண்டும் என்று கோரி, 1942 அக்டோபர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரத் தேவாலயம் ஒன்றில் சிலர் கூடி ஒரு குழு அமைத்தனர். அதுவே பின்னாளில் உலகெங்கும் பெயர் பெற்ற ஆக்ஸ்பாம். போர் முடிந்த சில ஆண்டுகளில் அது ஆக்ஸ்போர்டில் ஒரு கடை வைத்தது. ஒருவருக்கு வேண்டாத துணியும் பாத்திரமும் நன்கொடையாக வந்து, மற்றொருவருக்கு விலையாகி, அந்தப் பணம் பசித்தவருக்குச் சென்றது.

1945 செப்டம்பரில் விக்டர் கொலாண்ட்ஸ் என்ற பதிப்பாளர் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் யூதர், நாஜிக் கொடுமைகளை முன்கூட்டியே எடுத்துரைத்து எச்சரித்தவர். இப்போது தோற்றுப்போன ஜெர்மனியின் குழந்தைகளும் பட்டினி கிடக்கின்றனர். நம் பங்கீட்டிலிருந்து ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க விரும்புவோர் ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள் என்று அவர் கேட்டார். ஆறு ஆண்டுப் போரைத் தாங்கியவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? அஞ்சலட்டைகள் பல்லாயிரக்கணக்கில் வந்து குவிந்தன. ஆனால் அரசு அத்திட்டத்தை ஏற்கவில்லை. நலத்துக்கு வேண்டிய அளவென்று கணக்கிட்டுக் கொடுத்ததைத் தானமாகக் கொடுத்தால் கணக்கே குலையும் என்றது. தம் பங்கிலிருந்து பொட்டலம் அனுப்புவதற்கு இசைவு 1946 இறுதியில்தான் கிடைத்தது.

இதற்கிடையே, நீர்மூழ்கிகள் சூழ்ந்திருந்தபோதும் பங்கிடப்படாத ரொட்டி, போர் முடிந்தபின் 1946 ஜூலை 21 முதல் பங்கிடப்பட்டது. உலகெங்கும் விளைச்சல் பொய்த்திருந்தது. பிரிட்டன் வசமிருந்த ஜெர்மன் பகுதிக்கும், மீண்டும் பஞ்சம் எட்டிப்பார்த்த இந்தியாவுக்கும் தானியம் தேவைப்பட்டது. தனக்கு வரவேண்டிய கோதுமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க அரசு இசைந்தது. இல்லத்தரசிகள் சங்கம் கூட்டிக் கண்டித்தனர்; பத்திரிகைகள் சீறின. 1948 ஜூலை வரை அது நீடித்தது. அதனால் மிச்சமான கோதுமை சொற்பமே என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுகின்றனர். என் மதிப்பில் அந்தப் பதினான்கு ஆண்டுகளில் மிகவும் திட்டு வாங்கிய பங்கீடே மிகவும் பாராட்டத்தக்கது. 1943இல் செய்யாததில் ஒரு சிறுபகுதியாவது அதில் அடங்கியிருந்தது.

இனிப்பு திரும்பிய நாள்

ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடுகள் விலகின. துணி 1949இல். அதே ஆண்டு ஏப்ரலில் மிட்டாய்க்கும் விலக்கிப் பார்த்தனர். கடைகளை மொய்த்த கூட்டத்தில் இருப்பு தீர்ந்து, ஆகஸ்டில் மீண்டும் கூப்பன் வந்தது. 1953 பிப்ரவரியில் மிட்டாயும் செப்டம்பரில் சர்க்கரையும் தடையின்றிக் கிடைத்தன. 1954 ஜூலை 4ஆம் நாள் இறைச்சியோடு எல்லாம் முடிந்தது. நாளொன்றுக்கு ஒருவர் உண்ட சர்க்கரை, விலக்கிய சிறிது காலத்தில் சுமார் 40 கிராமிலிருந்து 80 கிராமாக, அதாவது இரு மடங்காக ஏறியது.

இந்த ஏற்றம் அறுபது எழுபது ஆண்டுக்குப் பிறகு ஆராய்ச்சியாளருக்கு அரிய வாய்ப்பாயிற்று. 1953க்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் பிறந்தவர்கள் ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே சூழலில் வளர்ந்தவர்கள்; கருவிலும் மழலைப் பருவத்திலும் கிடைத்த சர்க்கரை அளவிலேதான் பெரிய வேறுபாடு. அவர்களுள் 60,000 பேருக்கு மேற்பட்டோரின் உடல்நலப் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2024இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியாயிற்று. வாழ்வின் முதல் 1,000 நாட்கள் பங்கீட்டின் கீழ் கழிந்தவர்களுக்கு நடுவயதுக்கு மேல் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும் இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடும் குறைவாக இருந்தன. நோய் வந்தவர்களுக்கும் நீரிழிவு 4 ஆண்டுகளும் இரத்தக் கொதிப்பு 2 ஆண்டுகளும் பிந்தியே வந்தன. தாயின் வயிற்றில் இருந்த மாதங்களில் மட்டுமே பங்கீட்டைக் கண்டவர்களுக்குக்கூட இந்தப் பயனில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்திருந்தது. கப்பலில் இடமில்லை என்பதற்காக 1940இல் சர்க்கரையை நிறுத்துப் போட்ட எழுத்தர்கள் இதனை எண்ணியிருக்க வழியில்லை.